தண்ணி நின்ன ஆணி: கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் பெருமக்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களை நிர்வகிக்கும் உங்களுக்கும், இந்தக் கரையோர ஊராட்சித் தலைவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நிவாரணம் கேட்டு எழுதவில்லை. புயல் தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்ட ஊருக்கு ஒரு கல் கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் பழைய வீட்டு வாசல் நிலையின் இடது காலில் ஓர் ஆணி இருந்தது. துருப்பிடித்த கொண்டை ஆணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் பையை மாட்டுவேன், தாத்தா திட்டுவார். "அது பை மாட்டுற ஆணி இல்லடா, தண்ணி நின்ன ஆணி." 1955 கார்த்திகைப் புயலில் கடல் ஊருக்குள் வந்து அந்த உயரத்தில் நின்று, விடிந்த பிறகு வடிந்திருக்கிறது. சுவரில் விழுந்த சேற்றுக்கோடு காய்வதற்குள் தாத்தா சுத்தியலைத் தேடி எடுத்து, கோட்டுக்கு நேராக நிலையில் ஆணி அறைந்துவிட்டார். வீட்டிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர். ஆணியோ பத்து வயதில் எனக்கு நெற்றி உயரம்.

1996இல் வீட்டை இடித்து மாடி கட்டினோம். நிலையைப் பழைய மரம் வாங்குகிறவர் வண்டியில் ஏற்றினார். ஏற்றும் முன்பு ஆசாரி ஆணிகளைப் பிடுங்கிப் போட்டார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை. புது வீட்டின் தரைமட்டத்தைத் தெருவைவிட இரண்டடி உயர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். ஏன் இரண்டடி என்று மேஸ்திரியும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆணி இருந்திருந்தால் கேட்டிருப்போம்.

கஜா புயல் வந்த இரவைப் பற்றி உங்கள் அலுவலகங்களில் கோப்புகள் நிறைய இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது, வேகம் இவ்வளவு, சேதம் இவ்வளவு என்று. கோப்பில் இருக்காத ஒன்றைச் சொல்கிறேன். முதலில் அடித்தது வாடை. வடக்கிலிருந்து வந்த காற்று மணிக்கணக்கில் ஓடுகளை உரித்தது. பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்கள் டார்ச் லைட்டோடு கொல்லைப் பக்கம் கிளம்பினார்கள், எத்தனை தென்னை போயிற்று என்று பார்க்க. என் அத்தை வாசலில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "ஒருத்தரும் வெளிய போவக் கூடாது. இது பாதிதான். சோழகம் இன்னும் வரல."

வந்தது. தெற்கிலிருந்து வந்தது. வாடைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்து நின்ற தென்னைகளை எதிர்ப்பக்கமாகப் பிடித்து முறுக்கியது. எங்கள் கொல்லையில் பாதி மரத்துக்கு மேல் அந்த இரண்டாவது காற்றில்தான் போயின. டார்ச் லைட் எடுத்த பையன்கள் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம், 1955இல் பதினான்கு வயதுப் பெண்ணாக இதே காற்றைப் பார்த்த ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததுதான்.

வானிலை படித்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் முன்பக்கத்தில் வடகாற்று, பின்பக்கத்தில் தென்காற்று, நடுவில் கண். கண் நேராக மேலே போகிற ஊருக்கு ஒரு வாடை, ஓர் அமைதி, ஒரு சோழகம். பாக் நீரிணைக்கு வடகரையில் இருக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு சூட்சுமம். வாடை அடிக்கும்போது கடல் பின்வாங்கும். "கடல் உள்வாங்கிடுச்சு" என்று நிம்மதியாக இருப்போம். காற்று சோழகமாகத் திரும்பியதும் அதே தண்ணீரைச் சேர்த்து வாரிக்கொண்டு கரை ஏறும். ஆழமில்லாத கடல், தண்ணீருக்குக் கீழே போக இடமில்லை, மேலேதான் வரும். கிழக்கு பார்த்த நாகைக் கரையில் கணக்கே வேறு. புயல் ஊருக்குத் தெற்கே கடந்தால் கடல் உள்ளே வரும். வடக்கே கடந்தால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். ஒரே புயல்தான், முப்பது கிலோமீட்டர் தள்ளி இரண்டு ஊர்களுக்கு இரண்டு விதம். ஆகவே மாவட்டத்துக்கு ஒரு வரலாறு போதாது. ஊருக்கு ஊர் வேண்டும்.

இந்தக் கரையின் புயல் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், நீங்கள் மாற்றலாகிப் போனபிறகு வருகிறவர்களுக்கும் உதவும். 1952 நவம்பர் 30, நாகைப் பக்கம். சரியாக மூன்று வருடம் கழித்து 1955 நவம்பர் கடைசியில் எங்கள் பக்கம், ராஜாமடத்தை ஒட்டி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி. 1977 நவம்பர் 12 நாகைக்குச் சற்றுத் தெற்கே. 560 பேர் போனார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த சனிக்கிழமையே, நவம்பர் 19, ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் புகுந்து ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனது. நம் துக்கம் அந்தப் பெரிய துக்கத்துக்குள் மறைந்துவிட்டது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் மறுநாள் ராமநாதபுரம் கரையில் ஏறியது. 1993 டிசம்பர் 4 காரைக்கால். 2008இல் நிஷா: காற்று பெரிதில்லை, மழைதான், ஒரே நாளில் ஒரத்தநாட்டில் 66 சென்டிமீட்டருக்குப் பக்கம். 2011 டிசம்பர் 30 தானே, கடலூரின் முந்திரியையும் பலாவையும் வேரோடு எடுத்தது. 2017இல் ஒக்கி கரையைத் தொடாமலேயே குமரி மாவட்டத்து மீனவர்களை ஆழ்கடலில் தேடிப்பிடித்தது. பிறகு கஜா.

இத்தனையும் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழிக்குள். தேதியைக்கூட மாற்றிக்கொள்ளாத விருந்தாளி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் "இதுவரை காணாத", "வரலாறு காணாத" என்று தலைப்புப் போடுகிறோம். வரலாறு கண்டிருக்கிறது. நாம்தான் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் (எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை) 1955இல் எங்கள் ஊரில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்ற பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். கணினி முன் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "எந்தப் புயல் சார்? பேரைச் சொல்லுங்க." பெயர் கிடையாது தம்பி, வருடம்தான் என்றேன். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். இருவரும் சிரித்துவிட்டோம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வடஇந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தது 2004இல்தான். எச்சரிக்கை சொல்ல அது நல்ல ஏற்பாடு. எந்தப் புயலைப் பற்றிப் பேசுகிறோம் என்ற குழப்பம் இல்லை. ஆனால் பெயர் வைத்ததும் புயலுக்கு ஒரு தனி ஆள் முகம் வந்துவிடுகிறது. இலங்கை கொடுத்த பெயர் கஜா, யானை. எங்கிருந்தோ ஒரு யானை வந்தது, மிதித்தது, போனது. அதற்கு அப்பன் பாட்டன் இருந்ததாகவே தோன்றுவதில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "அம்பத்திரண்டு", "அம்பத்தஞ்சு", "எழுவத்தேழு" என்பார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வதுபோல வரிசையாக வரும்.

துறைமுகக் கூண்டு விஷயமும் இதே கதைதான். செய்தியில் "எட்டாம் எண் கூண்டு", "பத்தாம் எண் கூண்டு" என்று வாசித்ததும், பரீட்சை மார்க்கு மாதிரி எட்டைவிடப் பத்து பெரிய ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். எட்டும் ஒன்பதும் பத்தும் ஒரே தரத்து ஆபத்து. துறைமுகத்தை எந்தப் பக்கமாக விட்டுப் புயல் கடக்கும், அல்லது நேராகவே ஏறுமா என்பதில்தான் எண் மாறுகிறது. கல்கத்தாவை 1864இல் ஒரு புயல் அழித்த பிறகு, மறு வருடம் அங்கே தொடங்கிய எச்சரிக்கை முறையின் வாரிசு இது. எந்தப் பக்கம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அந்தக் காலத்து மாலுமிக்குத் தெரிந்திருக்கிறது. கரையில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினோராம் எண் என்று ஒன்றும் உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூண்டு ஏறும் நேரத்தில் ஊருக்கு மிச்சம் இருப்பது ஊரின் சொந்த ஞாபகம் மட்டும்தான்.

தனுஷ்கோடியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு கிளம்பிய பயணி ரயில் கடலுக்குள் போனது, அதில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், பாம்பன் பாலம் சிதைந்தது, அதை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் மீட்டார். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தனுஷ்கோடியை நாம் கதையாக ஞாபகம் வைத்திருக்கிறோம். இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். தண்ணீர் எத்தனை அடி ஏறியது, எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, எந்த மேடு தப்பியது என்று அங்கே நிற்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

2004 ஆழிப்பேரலை மேலும் ஒன்றைச் செய்துவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்த துயரம் அது. அதன் முன்னால் வேறு எதைப் பேசவும் கூசும். ஊர் ஊராக நினைவுத்தூண் வந்தது, டிசம்பர் 26 காலையில் கடலில் பூ விடுகிறோம். கடலிலிருந்து வரும் ஆபத்து என்றாலே சுனாமி என்றாகிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு அலை நம் கரைக்கு வந்தது எங்கள் தலைமுறைகளின் ஞாபகத்தில் ஒரே ஒரு முறை. புயல் தண்ணீர் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறது. அதற்கு ஒரு தூண் இல்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் கரையில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். அதே கரையில் கொஞ்ச தூரத்தில் இந்தியானோலா என்ற துறைமுக ஊர் 1875இல் ஒரு புயலில் நொறுங்கி, எழுந்து, 1886இல் இன்னொரு புயலில் முடிந்தேபோனது. கால்வெஸ்டன்காரர்கள் பயந்து கடல் சுவர் கட்டலாம் என்று பேசினார்கள். பேச்சோடு நின்றது. 1891இல் அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் பத்திரிகையில் எழுதினார்: இந்த நகரத்தைப் புயல் பெரிதாகப் பாதிக்கும் என்பது வெறும் பிரமை என்று. 1900 செப்டம்பர் 8 அன்று, மிக உயர்ந்த இடமே ஒன்பதடிகூட இல்லாத அந்த ஊருக்குள் கடல் பதினைந்து அடி ஏறியது. குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். கிளைனின் மனைவியும் அதில் போனார். அதன் பிறகு பதினேழு அடிச் சுவர் கட்டினார்கள். மண் கொட்டி ஊரின் மட்டத்தையே உயர்த்தினார்கள். கிளைன் முட்டாள் இல்லை, படித்தவர். பக்கத்து ஊர் அழிந்து பதினான்கு வருடத்துக்குள்கூட மறதி நுழைந்துவிடும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். நமக்கு 1977க்கும் 2018க்கும் நடுவே நாற்பத்தொரு வருடம்.

அந்த நாற்பத்தொரு வருடத்தில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை பெருகியது. நல்ல வருமானம்; யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் வைத்தவன்தான். ஆனால் தோப்பு முழுக்கத் தென்னை மட்டும் வைத்தோம். இந்தக் கரையில் ஒரு மரம் காய்த்து ஓய்வதற்குள் ஒரு பெரும்புயலைப் பார்த்தே தீரும் என்று யாராவது நடும்போது சொல்லியிருந்தால், கொல்லையின் ஓரத்திலாவது வேறு மரம் வைத்திருப்போம், கடன் வாங்கும் தொகையையாவது யோசித்திருப்போம்.

முன்னறிவிப்பு இப்போது நன்றாக இருக்கிறதே, கல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒடிசாவில் 1999 புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அங்கே பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், சாவு சில பத்துகளில் நின்றது. கஜாவுக்கும் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடித்தால் அது நன்றிகெட்டதனம். ஆனால் எச்சரிக்கை என்பது மூன்று நாள் சரக்கு. வீட்டுத் தரையை எவ்வளவு உயர்த்துவது, மோட்டார் ஷெட்டை எங்கே போடுவது, டிரான்ஸ்பார்மரை எந்த மேட்டில் வைப்பது, சத்துணவுக் கூடத்து அரிசியை எந்தத் தட்டில் அடுக்குவது என்பதெல்லாம் வெயில் அடிக்கிற சித்திரை வைகாசியில் முடிவாகிறவை. அப்போது எந்தக் கூண்டும் ஏறியிருக்காது. முகாமுக்கு வர மறுத்து "எங்க வீட்டுக்கெல்லாம் வராது" என்று திண்ணையில் உட்காருகிற பெரியவரிடம் உங்கள் வருவாய் ஆய்வாளர் என்ன பேசினாலும் எடுபடாது. எதிரே பள்ளிக்கூடச் சுவரில் அவர் தலைக்கு மேலே ஒரு கோடும், பக்கத்தில் 1955 என்றும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஜப்பானில் மியாக்கோ நகரத்தைச் சேர்ந்த அனேயோஷி என்ற சிற்றூரில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் எழுதினார்கள். ஊர் கேட்டது. 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கல்லில் எழுதும் பழக்கம் நமக்கு மட்டும் புதிதா? எந்த நிலம் எத்தனை வேலி, அதன் கிழக்கெல்லை எது என்று கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர்கள் இவை.

என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடம், தண்ணீர் நின்ற மட்டம், அது வந்த திசை, எதுவரை போனது, மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா. நிஷாவின் மட்டமும் அம்பத்தஞ்சின் மட்டமும் ஒன்றில்லை, கலந்துவிட்டால் குழப்பம். திறந்துவைத்தவர் பெயர் தயவுசெய்து வேண்டாம். எங்கள் ஊரில் நிழற்குடைக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று என்று அந்தக் கற்கள் போதுமான அளவு இருக்கின்றன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், எது ஊரில் பழைய உறுதியான கட்டடமோ அதன் சுவரில் வையுங்கள். மின்கம்பத்தில் மட்டும் வேண்டாம். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன.

முதியவர்களின் ஞாபகம் பிசகாதா? பிசகும். என் அத்தையே ஒரு நாள் தொப்புள் வரை என்பார், ஒரு நாள் நெஞ்சு வரை என்பார். அதனால்தான் ஒரு ஊரில் மூன்று தெருவில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவரவர் வீட்டுச் சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு உங்கள் சர்வேயர் மட்டக்கருவியை வைத்து, பக்கத்துப் பாலத்திலோ கோயிலிலோ இருக்கிற சர்வே துறையின் மட்டக்கல்லோடு இணைத்துவிட்டால், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். மூன்றும் ஓரளவு ஒத்துப்போனால் கோடு போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கோடு போடுங்கள், நடுவில் ஏதோ ஒன்று என்று ஊர் புரிந்துகொள்ளும். ஊருக்கு ஒரு நாள் வேலை, ஒரு கல், ஒரு கொத்தனார்.

ஆனால் அவசரம் உண்டு. 1952ஐ அறிவு தெரிந்த வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் 55ஐப் பார்த்தவர்கள் கஜாவின்போது ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது இருவர். ஒருவருக்கு யார் வந்தாலும் அடையாளம் தெரிவதில்லை.

மற்றவர் என் அத்தை. போன வாரம் அவரைப் புது வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்து, தண்ணீர் எது வரை அத்தை என்று கேட்டேன். சுவரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "நீங்க தரையை ஒசத்திட்டீங்க, இங்கேருந்து எனக்குச் சொல்லத் தெரியல. தெருவுல எறக்கி விடு" என்றார். இறக்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் இன்னும் இடிக்காமல் இருக்கிற உப்புக் கிட்டங்கியின் சுவரில் போய்க் கையை வைத்தார். தோள் வலிக்கிறது என்று மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நான் சுண்ணாம்புக் கட்டியால் விரலுக்கு நேராக ஒரு கோடு இழுத்திருக்கிறேன். தெற்குச் சாரல் படாத சுவர். ஐப்பசி மழை பிடிக்கும் வரை அழியாது. உங்கள் சர்வேயரை அதற்கு முன் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாக் நீரிணை வடகரையிலிருந்து ஒரு தென்னை விவசாயி